ஒரே 1/72, இரண்டு ஃபால்கன்: எதை வாங்குவது?

கேள்வி: ஸ்டார் வார்ஸ் கப்பலான மில்லேனியம் ஃபால்கனை 1/72 ஸ்கேலில், அதாவது கப்பலின் 72-ல் ஒரு பங்கு அளவில், கட்ட ஆசை. பான்டாய், ஃபைன் மோல்ட்ஸ் இரண்டுமே ஜப்பானிய நிறுவனங்களின் கிட்கள் (நாமே பொருத்திக் கட்டும் பிளாஸ்டிக் மாடல்கள்), அளவும் ஒன்றுதான். மலிவாகக் கிடைப்பதை வாங்கிவிடலாமா?

பதில்: அளவு ஒன்று, வேலை வேறு. ஃபைன் மோல்ட்ஸ் 2005-ல் வந்தது. 900-க்கும் மேற்பட்ட பாகங்கள், எல்லாவற்றையும் பசை வைத்துத்தான் ஒட்ட வேண்டும், பெயின்ட் அடிக்காமல் காட்சிக்கு வைக்க முடியாது. பான்டாயின் பெர்ஃபெக்ட் கிரேட் (அதன் உச்ச வரிசை) கிட் 2017-ல் வந்தது. பசை இல்லாமல் அழுத்திப் பொருத்தும் வகை, பிளாஸ்டிக்கே நிறத்தோடு வார்க்கப்பட்டிருக்கிறது, எல்இடி விளக்குகளும் உள்ளேயே உண்டு. வெளியானபோது ஜப்பானில் வரி சேர்க்காமல் 40,000 யென். விளக்கில்லாத பதிப்பு ஒன்றும் பிறகு வந்தது. விளம்பரத்தில் விலை சந்தேகத்துக்கு இடமாகக் குறைவாக இருந்தால் முதலில் இது எந்தப் பதிப்பு என்று கேளுங்கள்.

நுணுக்கத்தில் பான்டாய் ஒரு படி மேல். 1977 படத்துக்காகச் செய்த ஐந்தடி மாடலைத்தான் அது பின்பற்றுகிறது. அந்த மாடலைச் செய்தவர்கள் கடையில் விற்ற டாங்கி, விமானம், கார் கிட்களை உடைத்து, அந்தத் துண்டுகளைக் கப்பலின் மேல் ஒட்டி நிரப்பினார்கள். ஆக, நீங்கள் வாங்கப்போவது பிளாஸ்டிக் கிட்களால் ஆன கப்பலின் பிளாஸ்டிக் கிட்! அந்தத் துண்டுகளை ஒவ்வொன்றாக அடையாளம் காணும் அளவுக்குப் பான்டாயில் கூர்மை இருக்கிறது.

ஆனால் ஒன்று. பான்டாய் 1977 வடிவம் என்பதால் தரையிறங்கும் கால்கள் மூன்றுதான். 1980-ல் வந்த ‘எம்பயர் ஸ்டிரைக்ஸ் பேக்’ கப்பலுக்கு ஐந்து. அந்தப் படத்துக் கப்பல்தான் வேண்டும் என்றால் கூடுதல் கால்களைத் தனியே வாங்கி, அடிப்பகுதியை அறுத்துப் பொருத்த வேண்டியிருக்கும்.

எங்கள் கருத்து: விளக்கோடு முழுசாக வேண்டும், பணமும் இருக்கிறது என்றால் பான்டாய். ஒட்டுவதும் பெயின்ட் அடிப்பதுமே உங்களுக்கு இன்பம், விலையும் பாதிக்குக் கீழே கிடைக்கிறது என்றால் மட்டும் ஃபைன் மோல்ட்ஸ். இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை என்றால் யோசிக்கவே தேவையில்லை, பான்டாய்தான்.

கேள்வி: பெட்டியில் ரெவெல் என்ற இன்னொரு மாடல் நிறுவனத்தின் பெயரைப் போட்டு ஒரு ஃபால்கன் விற்கிறார்கள். அது எப்படி?

பதில்: எந்த ரெவெல் என்பதுதான் கேள்வி. ஃபைன் மோல்ட்ஸின் அச்சில் வார்த்த 1/72 கிட்டை ரெவெல் தன் பெட்டியில் போட்டு ‘மாஸ்டர் சீரிஸ்’ என்று விற்றது. பான்டாயின் 1/144 கிட்டும் பிறகு ரெவெல் பெட்டியில் வந்தது. அதில் பான்டாய் பெயரும் அச்சாகியிருக்கும். இவை போக, சிறுவர்களுக்காக ஒலியும் ஒளியுமாக வரும் 1/164 கிட் ரெவெலுடைய சொந்தச் சரக்கு. பெயரைப் பார்க்காதீர்கள். ஸ்கேல், பாகங்களின் எண்ணிக்கை, பசை வேண்டுமா வேண்டாமா என்ற மூன்றையும் பாருங்கள். பெட்டியின் பக்கவாட்டுப் படத்தையும் அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: 1/144 போதுமா? வீட்டில் இடம் குறைவு.

பதில்: பெரும்பாலோருக்குப் போதும். கப்பலின் கற்பனை நீளம் 34.75 மீட்டர். அதை ஸ்கேலால் வகுத்தால் 1/72-ல் சுமார் 48 செ.மீ., 1/144-ல் 24 செ.மீ., 1/350-ல் 10 செ.மீ. அகலமும் 1/72-ல் ஒரு அடியைத் தாண்டும். சாதாரணப் புத்தக அலமாரியின் ஆழம் ஓரடிக்குள்தான் இருக்கும், கப்பல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

1/144 வாங்கும்போது மேலே இருக்கும் ஆன்டெனாவைக் கவனியுங்கள். பழைய படங்களின் கப்பலுக்கு வட்டத் தட்டு, 2015-ல் வந்த ‘ஃபோர்ஸ் அவேகன்ஸ்’ கப்பலுக்குச் செவ்வகம். பான்டாய் 1/144-ஐ ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்களில் விற்றிருக்கிறது. பெட்டி மேல் இருக்கும் படத்தில் தட்டு வட்டமா, செவ்வகமா என்று பாருங்கள், எந்தத் திரைப்படத்தின் பெயர் போட்டிருக்கிறது என்பதையும் சரிபாருங்கள்.

கேள்வி: பசையில்லாமல் பொருத்தும் கிட் ஒன்றைக் கட்டி முடித்து, அழுக்கேறிய தோற்றத்துக்காக எனாமல் வாஷ் (தின்னரில் நீர்க்கக் கரைத்த எனாமல் பெயின்ட்) பூசினேன். மறுநாள் இரண்டு பாகங்கள் விரிசல் விட்டு உடைந்தன. மட்டமான பிளாஸ்டிக்கா?

பதில்: பிளாஸ்டிக் மேல் பழி போட வேண்டாம். இறுக்கிப் பொருத்திய பாகத்தில் முளையும் துளையும் எப்போதும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டே இருக்கும். வாஷில் இருக்கும் எனாமல் தின்னர் இடுக்கு வழியே உள்ளே இறங்கித் தேங்கினால் அந்த அழுத்தம் இருக்கும் இடத்தில்தான் பிளாஸ்டிக் வெடிக்கும். ஃபால்கன் போல அழுக்கே அழகான கப்பலுக்கு வாஷ் இல்லாமல் முடியாது. அதனால் இப்படிச் செய்யுங்கள்:

பொருத்துவதற்கு முன்பே முளைகளின் நுனியைச் சாய்வாகக் கொஞ்சம் வெட்டி விடுங்கள், இறுக்கம் குறையும். பெயின்ட், டீகால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள்) முடிந்ததும் மொத்தத்துக்கும் லாக்கர் கிளியர் என்ற நிறமற்ற பூச்சை ஒரு கை அடித்து, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். வாஷை வெள்ளமாக ஊற்றாமல் மெல்லிய பிரஷ்ஷால் மேற்பரப்பின் கோட்டுப் பள்ளத்தில் மட்டும் தொட்டு விடுங்கள். உள்பக்கம் பூசவே கூடாது. இவ்வளவும் தொல்லை என்றால் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வாஷ் வாங்குங்கள். அது கொஞ்சம் திட்டுத் திட்டாகக் காயும், ஈரத்துணியால் துடைத்துச் சரிசெய்துவிடலாம்.

கேள்வி: கைமாறிய ஃபைன் மோல்ட்ஸ் கிட் ஒன்று கிடைக்கிறது. எதைப் பார்த்து வாங்க வேண்டும்? விளக்கு வைக்க முடியுமா?

பதில்: முதலில் டீகால். வருஷக்கணக்கில் கிடந்தால் மஞ்சளாகும், இல்லை தண்ணீரில் போட்டதும் துண்டு துண்டாகப் பிரியும். படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வாங்கியதும் தேவைப்படாத ஒன்றை வெட்டித் தண்ணீரில் நனைத்துச் சோதியுங்கள். உடைந்தால் தாள் முழுவதற்கும் மெல்லியதாகக் கிளியர் அடித்துக் காயவைத்த பிறகு பயன்படுத்தலாம். மஞ்சள் மட்டும்தான் என்றால் கண்ணாடி ஜன்னலில் வெயில் படும்படி சில நாள் ஒட்டி வைத்தால் பெரும்பாலும் வெளுக்கும்.

அடுத்து, உறைகள் பிரிக்கப்பட்டிருந்தால் செய்முறைத் தாளை வைத்து, பாகங்கள் ஒட்டியிருக்கும் ஒவ்வொரு பிளாஸ்டிக் சட்டத்தையும் சரிபாருங்கள். துப்பாக்கிக் குழல்களும் கண்ணாடிப் பாகங்களும்தான் முதலில் காணாமல் போகும்.

விளக்கு வைக்கலாம், ஆனால் மேல், கீழ் ஓடுகளை ஒட்டுவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். பின்பக்க இன்ஜினுக்கு நீல-வெள்ளை எல்இடி பட்டை, விமானி அறைக்கு ஒரு சிறிய எல்இடி. ஓட்டின் உள்பக்கம் முதலில் கறுப்பு, அதன் மேல் வெள்ளை அடியுங்கள். கறுப்பு ஒளி கசியாமல் தடுக்கும், வெள்ளை ஒளியைத் திருப்பி அனுப்பும். இதைச் செய்யாமல் விட்டால் இருட்டில் கப்பல் முழுதும் விளக்குக் கூண்டு போல ஒளிரும். பேட்டரியைக் கப்பலுக்குள் புதைக்காதீர்கள். ஒயரைக் கால் வழியாக இறக்கி, அடித்தளப் பலகைக்குள் வையுங்கள்.