யாரம்மா மீனாட்சி?

காரைக்குடிப் பக்கத்திலிருந்து 63 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். கடிதம் எட்டுப் பக்கம், சுருக்கித் தருகிறேன்.

"எங்கள் வீட்டில் 27 வருஷம் வேலை பார்த்தவள் பொண்ணு. வீட்டுப் பிள்ளை மாதிரிதான் வைத்திருந்தோம். அவள் மகளின் பள்ளிக்கூடச் செலவெல்லாம் நாங்கள் செய்ததுதான். அந்தப் பெண் இன்றைக்கு மதுரையில் நர்ஸ். போன வாரம் கல்யாணப் பத்திரிகை கொடுக்க ஸ்கூட்டியில் வந்தாள். நேராக முகப்பில் ஏறி, உட்கார் என்று சொல்வதற்கு முன்னாலேயே நாற்காலியில் உட்கார்ந்து, என்னை 'ஆன்ட்டி' என்றாள். சின்ன வயதில் ஆச்சி ஆச்சி என்று சுற்றிவந்தவள்! பத்திரிகையில் எங்கள் பேர் ஒரு மூலையில்கூட இல்லை. (தாயார் பேர் மீனாட்சி என்று போட்டிருந்தது, யாரென்று ஒரு நிமிஷம் எனக்கே புரியவில்லை. என் மாமியார் பேரும் அதுதான், என் மகளுக்கும் அந்தப் பேர்தான் வைத்தோம், வீட்டில் தங்கம் என்போம். அதனால் இவளை வந்த நாளிலிருந்து பொண்ணு என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டது.) சிங்கப்பூரில் இருக்கும் மகளிடம் வருத்தப்பட்டுச் சொன்னால் அவளும் 'யாரம்மா மீனாட்சி?' என்று கேட்டாள். விவரம் சொன்னதும், 'நீ சாதி பார்க்கிறாய், இனிமேல் முன்னோர்களுக்குச் செய்கிற படைப்புக்கெல்லாம் நான் வரமாட்டேன்' என்று சண்டை. எனக்கு அந்தப் புத்தியே கிடையாது. அவர்கள் ஆட்களில் பொண்ணு மாதிரி சுத்தமும் நேர்மையும் உள்ளவளைப் பார்க்கவே முடியாது என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். மகளை எப்படிச் சமாதானப்படுத்துவது?"

ஆச்சி, அந்த அடைப்புக்குறியைத் தாண்டி என்னால் வரமுடியவில்லை. நாற்காலிக்கு ஒரு பக்கம், 'ஆன்ட்டி'க்கு ஒன்றரைப் பக்கம், பத்திரிகையில் பேர் போடாததற்கு இரண்டு பக்கம் எழுதிய நீங்கள் ஒரு மனுஷியின் பேரை எடுத்துவிட்ட கதையை மூன்றே வரியில் முடித்து, அதையும் அடைப்புக்குள் போட்டுவிட்டீர்கள்.

மாமியார் பேரைச் சொல்லி வேலைக்காரியை அதட்ட நாக்கு வராது, அது எனக்குப் புரியாததல்ல. நானும் அதே மாதிரி செட்டியார் வீட்டு வளவில் வளர்ந்தவள். பெரியவர்கள் பேரைச் சொல்லக்கூடாது என்பதை இன்றைக்கும் நல்ல பழக்கம் என்றே நினைக்கிறேன், யார் சிரித்தாலும் சரி. ஆனால் உங்கள் மாமியாருக்கு நீங்கள் கொடுத்த மரியாதையின் செலவை யார் பற்றில் எழுதினீர்கள்? உங்கள் பற்றில் இல்லை.

மகளுக்கும் அதே பேர், அவளையும் வீட்டில் வேறு பேர் சொல்லித்தானே கூப்பிட்டோம் என்று நீங்கள் கேட்பீர்கள். சரி, அவளுக்குத் தங்கம், இவளுக்குப் பொண்ணு. அதோடு தங்கத்தின் பேர் பள்ளிச் சான்றிதழில் மீனாட்சி, கல்யாணப் பத்திரிகையில் மீனாட்சி, சீர் கொடுத்த வெள்ளிப் பாத்திரத்தில் வெட்டிய எழுத்தும் அதுவாகத்தான் இருக்கும். அவளுடைய பேரை நீங்கள் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, அப்புறம் செல்லப் பேர் வைத்தீர்கள். இவளுடைய பேரை எங்கே வைத்தீர்கள்? 27 வருஷம் கழித்து அச்சில் பார்த்தபோது உங்களுக்கே அடையாளம் தெரியவில்லையே.

இதில் எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வருவது எங்கே தெரியுமா? உங்கள் முறையீடே, உங்களை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதைப் பற்றித்தான். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு தடவை, அதுவும் மரியாதையான வார்த்தைதான். அதற்கே ஒரு வாரம் தூக்கமில்லை என்கிறீர்கள்.

என் ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது லேவாதேவி செய்யப் போனவர், 1942-இல் ஜப்பான்காரன் வந்தபோது கால்நடையாகத் திரும்பினவர். கடை போனதைக்கூட அவர் அவ்வளவாகச் சொல்லமாட்டார். அங்கே தெருவில் போனால் இந்தியர்களைப் பேர் சொல்லாமல், அந்நியன் என்கிற அர்த்தத்தில் 'கலா' என்பார்களாம், அந்த வசவை மட்டும் சாகிறவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொல்லாமல் விட்ட கணக்கை நான் பிற்பாடு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். 1930-களில் நெல் விலை விழுந்து கடன் கட்டமுடியாமல் போன பர்மிய விவசாயிகளின் வயல்கள் கடன் கொடுத்த நம்மவர் வட்டிக்கடைகளுக்கு வந்து சேர்ந்தன. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம் 1938-இல் 25 சதவீதம் ஆனது. ஐயா தனிப்பட்ட முறையில் யாரையும் ஏமாற்றியவரில்லை, நம்புகிறேன். ஆனாலும் தனக்கு வந்த வசவு 40 வருஷம் நினைவிருந்த மனுஷருக்கு, வயலை விட்டுப் போனவன் ஒருவன் பேரும் நினைவில் இல்லை. மேலே இருப்பவர்களின் ஞாபகம் அப்படித்தான் வேலை செய்யும், நம் வீட்டில் மட்டுமில்லை, எங்கேயும்.

"வீட்டுப் பிள்ளை மாதிரி" என்கிற பேச்சு எனக்கு மாதத்துக்கு நான்கு கடிதத்தில் வருகிறது. கார்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர் 1954-இலேயே இதை யோசித்திருக்கிறார். இரண்டு கூட்டத்தார் பக்கத்தில் பக்கத்தில் இருந்துவிட்டால் மட்டும் ஒருவரைப் பற்றி ஒருவருக்குள்ள தப்பெண்ணம் போய்விடாது. அந்த இடத்தில் இருவரும் சம அந்தஸ்தில் நிற்கவேண்டும், ஒரே காரியத்துக்காகச் சேர்ந்து உழைக்கவேண்டும், சட்டமோ வழக்கமோ அதற்குப் பின்னால் துணை நிற்கவேண்டும் என்றார். உங்கள் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு இன்னொரு தெருவில். மீனாட்சி 27 வருஷமும் பின்தெரு வழியாக வந்து, இரண்டாங்கட்டில் பாத்திரம் தேய்த்து, பலகாரத்துக்கு மாவு இடித்துக் கொடுத்து, அந்த வழியாகவே போயிருக்கிறாள். பக்கத்தில் இருந்தாள், வாஸ்தவம். சமமாக என்றைக்கு இருந்தாள்? அவள் மகள் முகப்பில் ஏறினதையே ஒரு செய்தியாக எழுதுகிறீர்களே.

"அவர்கள் ஆட்களில் பொண்ணு மாதிரி பார்க்க முடியாது" என்றீர்களே, அதை அவளுக்குக் கொடுத்த பட்டம் என்று நினைக்கிறீர்கள். இதற்கும் ஆல்போர்ட் ஓர் உவமை சொல்லியிருக்கிறார்: வேலியைக் கொஞ்சம் திறந்து ஒருத்தரை உள்ளே விட்டுவிட்டு மறுபடி அடைத்துவிடுவது. ஒருத்தியைப் புகழ்ந்த வாயால் அவள் அம்மாவை, அக்காவை, அந்தத் தெரு முழுவதையும் அழுக்கென்றும் திருடென்றும் சொல்லியாகிவிட்டது. அதை அவள் காதில் விழவும் சொல்லியிருப்பீர்கள், அவள் சிரித்தும் இருப்பாள். வேறென்ன செய்வாள்?

உங்கள் அன்பு பொய் என்று நான் சொல்லவில்லை. பள்ளிச் செலவு கொடுத்தது பெரிய காரியம்தான். ஆனால் கீழே இருக்கிறவர் கீழேயே இருக்கிறவரைக்கும் தாராளமாகச் சுரக்கிற அன்பு என்று ஒன்று உண்டு, மேரி ஜாக்மன் என்ற சமூகவியல் அறிஞர் 1994-இல் இதைப் பற்றியே விரிவாக எழுதினார். அது எப்போது நிற்கிறதென்று பார்த்தால் அதன் குணம் தெரிந்துவிடும். உங்களுடையது நாற்காலியில் நின்றது. நர்ஸாக வேண்டும் என்றுதானே படிக்கவைத்தீர்கள்? நர்ஸ் நாற்காலியில்தான் உட்காருவாள். பத்திரிகையில் பேர் கேட்கிறீர்களே, படிப்புக்குக் கொடுத்தது கொடையா, கடனா? கடன் என்றால் 27 வருஷக் கூலியையும் கூட்டிக் கழித்துப் பார்க்கலாம், எனக்கு லேவாதேவிக் குடும்பத்துக் கணக்கு வரும்.

இப்போது தங்கத்துக்கு. இந்தப் பக்கத்தை அப்படியே படம் எடுத்து அனுப்புங்கள்.

அம்மா தங்கம், உன் தாயை விசாரித்துத் தீர்ப்பும் சொல்லிவிட்டாய். "யாரம்மா மீனாட்சி?" என்று கேட்டது நீதானே? உனக்குத் தலை பின்னிவிட்டவள், காய்ச்சலில் கஞ்சி ஊட்டியவள், உன் பேரையே தன் பேராக உடையவள், அது உனக்கு இத்தனை வயது வரைக்கும் தெரியாது. உன் அம்மாவுக்காவது மாமியாருக்குப் பயம் என்று ஒரு சாக்கு இருந்தது, உனக்கு என்ன சாக்கு? படைப்புக்கு வரமாட்டேன் என்பதால் மீனாட்சிக்கு ஒரு அரைக்காசு பிரயோஜனம் கிடையாது. செத்துப்போன பாட்டிகளுக்குச் சோறு படைப்பது உன் கடமை, பங்காளிகள் எல்லோரும் கூடுகிற இடத்தில் வந்து இதே பேச்சைப் பேசுவதும் உன் கடமைதான். சிங்கப்பூரிலிருந்து அம்மாவிடம் மட்டும் பேசுவது ரொம்ப சுலபம்.

ஆச்சி, மகளைச் சமாதானப்படுத்த வழி கேட்டீர்கள். அதை அப்புறம் பார்க்கலாம். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நாள் மீனாட்சி வீட்டுக்குப் போங்கள். ஆள் அனுப்பி அவளை வரச் சொல்லவேண்டாம். பட்டுப்புடவையும் வெள்ளி விளக்கும் தூக்கிக்கொண்டு போகவும் வேண்டாம், இத்தனை நாள் கொடுத்துக் கொடுத்துத்தான் பேசாமலே இருந்துவிட்டீர்கள். மகளைப் பெற்றவளைப் பத்திரிகை பார்த்துத்தான் யாரென்று தெரிந்துகொண்டேன், தப்பு என்னுடையது என்று சொல்லுங்கள். அழாமல் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உங்களைத் தேற்றுகிற வேலையும் அவள் தலையில் விழும். அவள் "அதெல்லாம் ஒன்றுமில்லை ஆச்சி" என்பாள். நம்பிவிடாதீர்கள். கல்யாணத்தன்று உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்து, பந்தியில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

அவள் வீடு எந்தத் தெரு என்று தெரியுமோ என்னவோ. தெரியாவிட்டால் பத்திரிகையில் கீழே அச்சடித்திருப்பார்கள், பாருங்கள்.