ஆளில்லாத உருவப்படங்கள்: ஓவியர் அலிசன் வாட் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: ஸ்காட்லாந்து ஓவியர் அலிசன் வாட் என்றாலே வெள்ளைத் துணிதான் கண்ணில் படுகிறது. ஆனால் அவர் உருவப்படம் வரைந்து பெயர் வாங்கியவர் என்கிறார்கள். இரண்டும் ஒருவர்தானா?

பதில்: ஒருவர்தான். 1965-இல் கிரீனாக்கில் பிறந்தவர்; நீராவி எந்திரத்துக்குப் புகழ்பெற்ற ஜேம்ஸ் வாட் பிறந்த அதே துறைமுக ஊர். அப்பாவும் ஓவியர். ஏழு வயதில் லண்டன் நேஷனல் கேலரியில் பிரெஞ்சு ஓவியர் ஆங்ர் வரைந்த 'மேடம் மொய்தெசியே' ஓவியத்தைப் பார்த்திருக்கிறார். 1844-இல் தொடங்கி 1856-இல் முடிந்த ஓவியம் அது. அந்தப் பெண்ணின் முகத்தை வரைந்த அதே அக்கறையோடு பூப்போட்ட பட்டு உடையையும் ஆங்ர் வரைந்திருப்பார். பின்னாளில் வாட் போன பாதைக்கு அந்த உடையிலிருந்தே கோடு இழுக்கலாம்.

கிளாஸ்கோ ஸ்கூல் ஆஃப் ஆர்ட்டில் மாணவியாக இருக்கும்போதே, 1987-இல், லண்டன் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரியின் ஜான் பிளேயர் விருது கிடைத்தது. அதைத் தொடர்ந்து ராஜமாதா எலிசபெத்தை (அரசி இரண்டாம் எலிசபெத்தின் தாயார்) வரையும் பணியும் வந்தது. அதன்பின் பல ஆண்டுகள் நிர்வாண உருவங்களையே வரைந்தார்: வெளிறிய தோல், சுண்ணாம்புச் சுவர் போன்ற உலர்ந்த வெளிச்சம். திருப்பம் 1997-இல் எடின்பரோ ஃப்ரூட்மார்க்கெட் கேலரியில் நடந்த 'ஃபோல்டு' கண்காட்சியில் வந்தது. மனித உருவத்துக்குப் பக்கத்திலேயே துணியைத் தனி ஓவியமாக மாட்டினார். மூன்று ஆண்டு கழித்து, 2000-இல், ஸ்காட்லாந்து தேசிய நவீனக் கலைக்கூடத்தில் 'ஷிஃப்ட்'. பன்னிரண்டு பெரிய ஓவியங்கள், எதிலும் ஆள் கிடையாது. அந்தக் கூடத்தில் தனிக் கண்காட்சி வைத்தவர்களில் அப்போது அவர்தான் மிக இளையவர்.

'ஷிஃப்ட்' காலத்து 'சபீன்' ஓவியத்தைப் பாருங்கள். 213.5 சென்டிமீட்டர் சதுரம், அதாவது ஏழடிக்கு ஏழடி. ஒரு ஆள் கையை விரித்து நின்றாலும் உள்ளே அடங்கிவிடுவார். மடிப்புகள் ஓரிடத்தில் இறுகி, அங்கே இருட்டாகி, பிறகு தளர்ந்து விரிகின்றன. எழுந்து போனவரின் உடல் படுக்கை விரிப்பில் விட்ட பள்ளம் போல இருக்கிறது. அதனால்தான் இவரைத் 'துணி ஓவியர்' என்று சொல்வது போதாது என்று நினைக்கிறேன். ஆளை எடுத்துவிட்டு, ஆள் இருந்த இடத்தை வரைகிறார்.

கேள்வி: நேஷனல் கேலரியில் இவருக்குத் தனி ஸ்டுடியோ கொடுத்தார்களாமே? பழைய ஓவியங்களைப் பிரதி எடுக்கும் வேலையா?

பதில்: ஸ்டுடியோ கொடுத்தது உண்மை, பிரதி எடுக்க அல்ல. அசோசியேட் ஆர்ட்டிஸ்ட் என்ற அந்தப் பொறுப்பில் முதலில் அமர்ந்தவர் போர்ச்சுகலில் பிறந்த ஓவியர் பவுலா ரேகோ. வாட் 2006 முதல் 2008 வரை இருந்தார். கேலரிக்குள்ளேயே வேலைசெய்து, அங்குள்ள ஓவியங்களுக்கு எதிர்வினையாகப் புதிதாக வரைய வேண்டும். வாட் திரும்பத் திரும்பப் போய் நின்றது 17-ஆம் நூற்றாண்டு ஸ்பானிய ஓவியர் சுர்பரானின் 'தியானத்தில் புனித பிரான்சிஸ்' முன்னால். துறவி முழந்தாளிட்டு, மண்டையோட்டை மார்போடு அணைத்திருக்கிறார். முக்காட்டின் நிழல் முகத்தை மூடிவிடுகிறது, பாதி திறந்த வாய் மட்டும் கரிய பொத்தலாகத் தெரிகிறது. அந்தப் பொத்தல் 2008-இல் நடந்த 'ஃபேண்டம்' கண்காட்சியின் வெள்ளைத் துணிகளுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அதே ஆண்டு பிரிட்டிஷ் அரசின் ஓபிஇ பட்டமும் கிடைத்தது.

கேள்வி: இவரைப் பார்த்து வெள்ளைத் துணியை எண்ணெய் வண்ணத்தில் வரைகிறேன். ஒவ்வொரு முறையும் அழுக்குத் துணி போல ஆகிவிடுகிறது. என்ன தவறு?

பதில்: பெரும்பாலும் மூன்று தவறுகள். இவை பொதுவான ஓவிய முறைகள். வாட்டின் ஸ்டுடியோ ரகசியங்கள் அல்ல.

முதல் தவறு, வெள்ளைக் கான்வாஸில் நேரடியாகத் தொடங்குவது. வெள்ளைக்கு நடுவில் எந்தச் சாம்பல் நிறமும் இருப்பதைவிட இருட்டாகத் தெரியும். பயந்துபோய் எல்லாவற்றையும் வெளிறலாகவே போடுவீர்கள். பிறகு ஆழம் வேண்டுமே என்று கறுப்பைக் கொண்டுவருவீர்கள். முதலில் கான்வாஸ் முழுக்க நடுத்தரச் சாம்பல் நிறத்தை மெல்லியதாகப் பூசிக் காயவிடுங்கள். அதற்கு மேல் வெளிச்சத்தை ஏற்றுவதும் நிழலை இறக்குவதும் எளிது.

இரண்டாவது தவறு, நிழலுக்கு வெறும் கறுப்பைக் கலப்பது. வெள்ளையோடு கறுப்பு சேர்ந்தால் நீலம் பாய்ந்த, செத்த சாம்பல் வரும். ரா அம்பர் என்ற மண்பழுப்பையும் அல்ட்ராமரீன் நீலத்தையும் கலந்து, அம்பரைக் கூட்டினால் வெதுவெதுப்பும் நீலத்தைக் கூட்டினால் குளிர்ச்சியும் கிடைக்கும். மடிப்பின் உட்புறத்தை உற்றுப் பாருங்கள். எதிர் மடிப்பில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் நிழலுக்குள்ளேயே இருக்கும். அதை விட்டுவிட்டால் துணி தகரம் போல ஆகிவிடும்.

மூன்றாவது, தூய வெள்ளையை அவசரப்பட்டுச் செலவழிப்பது. ஐந்து படிநிலைகளை முன்கூட்டியே கலந்து தட்டில் வைத்துக்கொள்ளுங்கள். தூய வெள்ளை அதில் சேராது. அது கடைசி நாளில், நான்கைந்து இடங்களில் மட்டும்.

துணியைக் கட்டும் விதமும் முக்கியம். இரண்டு புள்ளிகளில் ஆணி அடித்து, வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வரும்படி வையுங்கள். இழுபடும் மடிப்புக்கு ஒரு ஓரம் கூர்மையாகவும் மறு ஓரம் மென்மையாகவும் இருக்கும். இரண்டையும் ஒரே மாதிரி தேய்த்துக் குழைத்தால் பஞ்சுப் பொதிதான் மிஞ்சும். துணி ஓரிரு நாளில் தானாகத் தொய்ந்துவிடும் என்பதால், முதல் நாளே முக்கிய மடிப்புகளின் கோட்டுப்படத்தை முடித்துவிடுங்கள்.

வண்ணத்தில் டைட்டானியம் வெள்ளையே பாதுகாப்பானது. ஜிங்க் வெள்ளை காலப்போக்கில் நொறுங்கும், விரிசல் விடும். ஆளிவிதை எண்ணெயை அதிகம் ஊற்றினால் வெள்ளை மஞ்சளிக்கும். இருட்டறையில் வைத்தால் இன்னும் வேகமாக. குசும்பா எண்ணெய் அவ்வளவு மஞ்சளிக்காது, ஆனால் காய நேரம் எடுக்கும், படலமும் வலுக் குறைவு. அடியில் எண்ணெய் குறைந்த பூச்சு, மேலே போகப்போக எண்ணெய் கூடிய பூச்சு என்ற வரிசையை மாற்றாதீர்கள். ஏழடிக் கான்வாஸ் என்றால் சட்டத்தின் நடுவே குறுக்குச் சட்டம் அவசியம். இல்லையென்றால் ஓரங்கள் உள்வளையும், துணி தொய்யும்.

கேள்வி: 2021-இல் எடின்பரோவில் இவர் வைத்த கண்காட்சியில் ரோஜாவும் இறகும்தான் இருந்தனவாம். அதை ஏன் 'போர்ட்ரெய்ட்' என்றார்கள்?

பதில்: தலைப்பே 'எ போர்ட்ரெய்ட் வித்தவுட் லைக்னெஸ்': சாயல் இல்லாத உருவப்படம். ஸ்காட்லாந்து தேசிய உருவப்படக் கூடத்தில் 16 புதிய ஓவியங்கள். 18-ஆம் நூற்றாண்டின் எடின்பரோ ஓவியர் ஆலன் ராம்சேயின் பெண் உருவப்படங்களிலிருந்து பொருள்களை மட்டும் தனியே எடுத்தார். ராம்சே தன் இரண்டாவது மனைவி மார்கரெட் லிண்ட்சேயை வரைந்த படத்தில், குவளையில் பூ அடுக்கிக்கொண்டிருப்பவர் கையில் ரோஜாவோடு நம் பக்கம் திரும்புவார். அப்படிப்பட்ட ஒரு ரோஜாவைத் தனியாக, வெற்றுப் பின்புலத்தில், நிழலோடு வைத்தால் அதைப் பிடித்திருந்த விரல்கள் எங்கே என்று கண் தேடும். 'ஷிஃப்ட்' காலத்துத் துணி செய்த அதே வேலைதான். இவருடைய கண்காட்சிகளில் எனக்கு மிகப் பிடித்தது இது.

கேள்வி: இவரைப் பற்றி ஆய்வுக் கட்டுரைக்காகக் கண்காட்சிப் பட்டியல் தயாரிக்கிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: முதலில் பெயர். கனடாவில் இதே பெயரில் எழுத்தாளரும் ஓவியருமான ஒருவர் இருக்கிறார். இணையத் தேடலில் இருவரும் கலந்துவிடுவார்கள். ஒவ்வொரு பதிவிலும் பிறந்த ஆண்டையும் ஊரையும் சரிபாருங்கள். அடுத்து விருதின் பெயர். ஜான் பிளேயர் விருது 1990 முதல் பிபி போர்ட்ரெய்ட் விருது ஆனது. 1987-ஐ 'பிபி' என்று எழுதினால் தவறு.

தனிக் கண்காட்சி, குழுக் கண்காட்சி, பிறர் கேட்டுச் செய்து கொடுத்த பணி, நிரந்தரத் தொகுப்பு நான்கையும் ஒரே பத்தியில் கொட்டாதீர்கள். 'ஸ்டில்' (2004) ஒரு தேவாலயத்தில் நிலையாக இருக்கும் படைப்பு. கிளாஸ்கோ தியேட்டர் ராயல் அரங்குக்காக டவ்காட் என்ற நெசவு ஸ்டுடியோவோடு உருவாக்கிய 'பட்டர்ஃபிளை' (2014) நெய்த திரைச்சீலை. இரண்டும் கண்காட்சிகள் அல்ல. 2025-இல் லண்டன் பிட்ஷேங்கர் மேனரில் நடந்த 'ஃப்ரம் லைட்' தனிக் கண்காட்சிப் பத்தியில் வரும்.

கேள்வி: எடின்பரோ போகிறேன். நேரில் எதைப் பார்க்கலாம்?

பதில்: அருங்காட்சியகங்கள் படங்களை மாற்றி மாற்றி மாட்டும். 'சபீன்' சுவரில் இருக்கிறதா என்று கிளம்பும் முன் நேஷனல் கேலரீஸ் ஆஃப் ஸ்காட்லாண்ட் இணையதளத்தில் பாருங்கள். நிரந்தரத் தொகுப்புக்கு அனுமதி இலவசம். பிரிட்டனின் பொதுத் தொகுப்புகளில் உள்ளவற்றை ஆர்ட் யுகே தளத்தில் தேடலாம்.

ஒன்றே ஒன்று என்றால் 'ஸ்டில்'. வேவர்லி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஜெஃப்ரி தெருவில் உள்ள ஓல்டு செயின்ட் பால்ஸ் தேவாலயம். முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்கான நினைவுச் சிற்றாலயத்துக்குள் போங்கள். நான்கு கான்வாஸ்கள், அவற்றுக்கு இடையே விட்ட இடைவெளியே சிலுவையாக நிற்கிறது. உள்ளே வெளிச்சம் குறைவு. கண் பழகும்வரை சில நிமிடங்கள் உட்காருங்கள். முதலில் வெறும் வெண்மை தெரியும், பிறகுதான் மடிப்புகள் ஒவ்வொன்றாக வெளியே வரும்.