பொத்தானைப் போட்டது யார்? உடற்குறை மதிப்பீடு குறித்த வாசகர் கேள்விகள்

பக்கவாதத்திற்குப் பின் அப்பாவை மதிப்பீட்டுக்கு அழைத்துச் செல்கிறோம். எதைக் கேட்டாலும் “நானே செய்வேன்” என்கிறார். நான் குறுக்கே பேசலாமா? (ஈசூன் வாசகி)

அவசியம் பேசுங்கள். சிங்கப்பூரின் நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதியான கேர்ஷீல்ட் லைஃப் திட்டத்தில், குளித்தல், உடுத்தல், உண்ணுதல், கழிவறையைப் பயன்படுத்துதல், நடமாடுதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல் ஆகிய 6 அன்றாடச் செயல்களில் குறைந்தது மூன்றையாவது இன்னொருவரின் கை உதவியின்றிச் செய்ய இயலாதவரே கடும் உடற்குறை உடையவராகக் கருதப்படுகிறார். அப்பாவின் “செய்வேன்” என்ற ஒரு சொல் அந்தக் கணக்கையே மாற்றிவிடக்கூடும்.

நான் சந்தித்த முதியவர் ஒருவர், இஸ்திரி போட்ட சட்டையுடன் நிமிர்ந்து அமர்ந்து, தாமே உடுத்திக்கொள்வதாகச் சொன்னார். மேல் பொத்தானைக் கழற்றி மறுபடி போடச் சொன்னேன். இடக்கை மடியிலேயே கிடக்க, வலக்கை விரல்கள் துளையைத் தேடித் தேடி நழுவின. காலையில் அதைப் போட்டுவிட்டவர் வீட்டுப் பணிப்பெண். பெற்ற பிள்ளையின் முன்னிலையில் தம் இயலாமையைச் சொல்ல ஒரு தகப்பனுக்கு எளிதில் மனம் வராது. அந்த மானத்தை நாம் மதிக்க வேண்டும். எனவே, எந்தச் செயலுக்கு யார், எத்தனை முறை, எவ்வளவு நேரம் கைகொடுத்தார்கள் என்று ஒரு வாரத்திற்குக் குறித்துவைத்து, அந்தத் தாளை மதிப்பீட்டாளரிடம் கொடுங்கள்.

பார்தல் அளவீட்டில் அம்மாவுக்கு 100க்கு 95. ஆனால் மறதியால் அவரைத் தனியே கடைக்கு அனுப்பவே அஞ்சுகிறோம். (உட்லண்ட்ஸ் வாசகர்)

உங்கள் அச்சம் நியாயமானது. 1965இல் வெளியான பார்தல் அளவீடு உண்ணுதல், குளித்தல், படியேறுதல் போன்ற 10 செயல்களை மட்டுமே பார்க்கிறது. பணம் எண்ணுவதும் மருந்தை வேளையறிந்து உட்கொள்வதும் அதில் இல்லை. அவற்றுக்கு 1969ஆம் ஆண்டின் லாட்டன் அளவீடு உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் ஹூடாஸ் 2.0 என்ற கேள்வித்தாள் இன்னும் விரிவானது: புரிதல், நடமாட்டம், சுய பராமரிப்பு, பிறருடன் பழகுதல், வீடு மற்றும் வேலைப் பொறுப்புகள், சமூகப் பங்கேற்பு ஆகியவற்றில் கடந்த 30 நாள்களில் எவ்வளவு சிரமம் இருந்தது என்று அது கேட்கிறது. வழக்கமாகக் கிடைக்கும் உதவியையும் கருவிகளையும் சேர்த்தே பதில் சொல்ல வேண்டும் என்பதால், முதியோருக்கு ஏற்ப வீட்டை மாற்றியமைக்கும் வீவகவின் (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) ஈஸ் திட்டத்தில் குளியலறைக்குக் கைப்பிடி பொருத்திய பின், கால் அப்படியே இருந்தாலும் மதிப்பெண் மேம்படலாம்.

சக்கர நாற்காலியில் இருக்கும் என் தம்பி, வாழ்க்கைத் தரம் “மிக நன்று” என்று எழுதியிருக்கிறான். திருத்தட்டுமா? (தெம்பனிஸ் வாசகி)

தயவுசெய்து திருத்தாதீர்கள். செயல்திறன் வேறு, வாழ்க்கைத் தரம் வேறு. கணிசமான உடற்குறையுடன் வாழ்வோரிடம் பேசி 1999இல் வெளியிடப்பட்ட ஓர் அமெரிக்க ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டோர் தங்கள் வாழ்க்கைத் தரம் நன்று அல்லது மிக நன்று என்றே கூறினர். தம்பி பேசக்கூடியவர் என்றால், அவர் பதிலே பதில்.

எத்தனை முறை அளக்க வேண்டும்? (பிடோக் வாசகர்)

பக்கவாதத்திற்குப் பிந்தைய முதல் 3 மாதங்களில் மாற்றம் வேகமாக நிகழ்வதால் அப்போது அடிக்கடி, பிறகு இடைவெளி விட்டு. ஒவ்வொரு முறையும் அதே அளவீட்டையே பயன்படுத்தி, மருந்து மாறிய தேதியையும் அருகில் எழுதிவையுங்கள்.