பிரெஞ்சு சினிமா விமர்சனச் சொற்களை ஆங்கிலத்தில் மாற்றுவதா, அப்படியே விடுவதா?

ஏதோ ஒரு கட்டுரையைக் கையில் எடுத்து, முதல் பக்கத்திலேயே 'தெகூபாஜ்' என்ற சொல்லிடம் மாட்டிக்கொண்டுதான் இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அங்கேதான் மாட்டினேன்.

புதுச்சேரியில் பிரெஞ்சு–ஆங்கில மொழிபெயர்ப்பு என் தொழில். சில வருடங்களுக்கு முன் ஓர் ஆங்கிலத் திரைப்பட இதழுக்காக, அமெரிக்க இயக்குநர் ஆர்சன் வெல்ஸ் பற்றிய பிரெஞ்சுக் கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்தேன். வெட்டாமல் நீளும் அவருடைய காட்சிகளில் மோன்தாஜ் குறைகிறது, ஆனால் தெகூபாஜ் இன்னும் நுட்பமாகிறது என்பதுதான் கட்டுரையின் உயிரே. மோன்தாஜ் என்பது எடுத்த துண்டுகளை வெட்டி ஒட்டுவது. தெகூபாஜ் அதற்கு முன்பே தொடங்கிவிடும். ஒரு காட்சியை எந்தெந்த ஷாட்டாகப் பிரிப்பது, கேமராவை எங்கே வைப்பது, யார் எப்போது கண்ணில் படுவது என்பதெல்லாம் எழுத்திலேயே முடிவாகும். முடிந்த படத்தில் தெரியும் அந்தப் பகுப்புக்கும் அதே பெயர்தான்.

நான் அந்தச் சொல்லை அப்படியே விட்டு, முதலில் வரும் இடத்தில் இரண்டு வரி விளக்கம் எழுதியிருந்தேன். இதழாசிரியர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விளக்கத்தை நீக்கி, எல்லா இடத்திலும் 'எடிட்டிங்' என்று போட்டுவிட்டார். மோன்தாஜுக்கும் அதே எடிட்டிங்தான். 'எடிட்டிங் குறைகிறது, எடிட்டிங் நுட்பமாகிறது' என்று ஒரே வாக்கியத்தில் அச்சாகி வந்தது. நான் இப்படி எழுதவில்லையே என்று கட்டுரையாளரிடமிருந்து ஒற்றை வரியில் மின்னஞ்சல். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

'வாசகருக்குப் புரிய வேண்டாமா, பிரெஞ்சு தெரியும் என்று காட்டிக்கொள்கிறாயா' என்று கேட்க இங்கேயும் சிலர் வருவார்கள். எல்லாச் சொல்லையும் அப்படியே விடச் சொல்லவில்லை. எதிரெதிரே இருக்கும் இருவரை மாறி மாறிக் காட்டும் 'ஷான்-கோந்த்ரஷான்' என்பதை ஷாட்–ரிவர்ஸ் ஷாட் என்று தாராளமாக மாற்றலாம். ஒரு முழுக் காட்சியையும் வெட்டாமல் ஒரே ஷாட்டில் எடுக்கும் 'பிளான்-செகான்ஸ்' வந்தால் லாங் டேக் என்றோ சீக்வென்ஸ் ஷாட் என்றோ எழுதலாம். லாங் ஷாட் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அது கேமரா தூரத்தில் இருப்பதைக் குறிப்பது. என் வாதம் ஒன்றுதான்: பிரெஞ்சில் வேறு வேறாக நிற்கும் இரண்டு சொற்களை ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்குள் தள்ளக் கூடாது.

பெரியவர்கள் கையிலும் இது நடந்திருக்கிறது. பிரெஞ்சு சினிமா விமர்சகர் ஆந்த்ரே பசானின் கட்டுரைகளை 1967-இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த ஹியூ கிரே, தெகூபாஜ் வரும் இடங்கள் பலவற்றில் எடிட்டிங் என்று எழுதினார். அவர் இல்லாவிட்டால் ஆங்கில வாசகர்களுக்குப் பசான் அவ்வளவு சீக்கிரம் கிடைத்திருக்க மாட்டார், அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனாலும் 2009-இல் திமோதி பர்னார்ட் மறுபடி மொழிபெயர்த்தபோது சொல்லை அப்படியே வைத்து, நீண்ட குறிப்பும் எழுதினார். எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது.

'பொலித்தீக் தெ ஓத்தேர்', அதாவது இயக்குநரையே படத்தின் ஆசிரியராகப் பார்க்கும் கொள்கை, அதன் கதை இன்னும் வருத்தம். 1950-களில், பின்னாளில் இயக்குநரான விமர்சகர் த்ரூஃபோவும் நண்பர்களும் 'கையே து சினிமா' இதழில் எடுத்த நிலைப்பாடு அது: இந்த இயக்குநர்களின் பக்கம் நிற்போம் என்பது. 1962-இல் அமெரிக்க விமர்சகர் ஆண்ட்ரூ சாரிஸ் அதை ஆங்கிலத்தில் 'தியரி', அதாவது கோட்பாடு ஆக்கினார். அதன்பிறகு எல்லாரும் அந்தத் தியரிக்கு நிரூபணம் கேட்டுச் சண்டை போட்டார்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் ஊரில் பிரெஞ்சுக் குடியுரிமை வேலைக்காக ஒரு பக்கப் பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்த்தால் அன்றைக்கே கையில் பணம் வருகிறது. மூன்று வாரம் உட்கார்ந்து செய்த அந்தக் கட்டுரைக்குப் பணம் தரவில்லை, உங்கள் பெயர் வருமே என்றார்கள். அந்தப் பெயரும் அச்சில் இல்லை.

இப்போதெல்லாம் மொழிபெயர்ப்போடு ஒரு பக்கச் சொற்பட்டியலும் சேர்த்து அனுப்புகிறேன். எந்தச் சொல்லை ஏன் அப்படியே விட்டேன் என்று பக்கத்திலேயே காரணம் இருக்கும். இவற்றில் எதையாவது மாற்றுவதாக இருந்தால் முதலில் எனக்கு போன் செய்யுங்கள் என்று மேலே எழுதிவிடுகிறேன். நீங்களும் அதைச் செய்யுங்கள்.