பயணத்துக்குத் திருட்டுத் தடுப்புப் பை வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது?

தாராளமாக வாங்கலாம். ஆனால் ஆர்எஃப்ஐடி தடுப்பு (கார்டின் தகவலை ரேடியோ அலை மூலம் தொடாமலே திருடுவதைத் தடுக்கும் உள்ளுறை) இருக்கிறது என்பதற்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். தட்டிப் பணம் செலுத்தும் கார்டுகள் சில சென்டிமீட்டர் தூரத்தில்தான் வேலை செய்யும். கூட்டத்தில் பர்ஸும் போனும் கையால்தான் பறிபோகின்றன.

முதலில் ஜிப்பைப் பாருங்கள். சாதாரண நைலான் ஜிப்பில் பால்பாயின்ட் பேனா முனையைக் குத்தி இழுத்தால், பூட்டு போட்டிருந்தாலும் பற்கள் விலகிவிடும். அப்புறம் ஜிப்பைத் திறந்து மூடும் ஓட்டியை ஒருமுறை இப்படியும் அப்படியும் நகர்த்தினால் பழையபடி மூடிக்கொள்ளும், திறந்த சுவடே தெரியாது. அதனால் ஜிப் உங்கள் முதுகோடு ஒட்டி இருக்கும் பையே நல்லது.

வாருக்குள் எஃகுக் கம்பி இருந்தால் பிளேடால் சட்டென்று அறுக்க முடியாது. ஒன்றே ஒன்று: திருடன் பைக்கில் வந்து இழுத்தால் பையை விட்டுவிடுங்கள். அறுபடாத வார் உங்களையும் சேர்த்து இழுத்துப் போகும், உயிருக்கே ஆபத்து.

பையைவிடப் பழக்கம் முக்கியம். 'திருடர்கள் ஜாக்கிரதை' பலகையைப் பார்த்ததும் பலரும் தங்கள் பாக்கெட்டைத் தொட்டுப் பார்ப்பார்கள். பர்ஸ் எங்கே இருக்கிறது என்று திருடனுக்கு நாமே காட்டிக்கொடுக்கிறோம்! ரயில் கதவருகே யாராவது இடித்தாலோ, சட்டையில் எதையாவது கொட்டிவிட்டுத் துடைக்க வந்தாலோ, முதலில் பையை முன்பக்கம் இழுத்துக் கட்டிக்கொள்ளுங்கள். சட்டையை அப்புறம் பார்க்கலாம்.

பாஸ்போர்ட்டும் ஒரு மாற்றுக் கார்டும் உடைக்குள் தனியாக இருக்கட்டும்.