கடல் எவ்வளவு தூரம்?

வாசகர் கேள்வி – பதில்

கடலை முதன்முதலில் பார்த்த நாளைப் பற்றி எழுதி அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். அனுபவங்களைவிடக் கேள்விகளே மிகுதியாக வந்து சேர்ந்ததால், இம்முறை இப்பகுதி முழுவதையும் கடலுக்கே ஒதுக்கிவிட்டோம்.

தருமபுரியிலிருந்து ஒரு வாசகி: என் மாமியாருக்கு 72 வயது. ஒகேனக்கல்லைத் தாண்டி எங்கும் போனதில்லை. "கண்ணை மூடுவதற்குள் ஒரு தடவை கடலைப் பார்த்துவிட வேண்டும்" என்று அடிக்கடி சொல்கிறார். முழங்கால் வலியால் அவரால் அதிகம் நடக்க முடியாது. எங்கே, எப்போது அழைத்துச் செல்லலாம், ஐயா?

பதில்: எல்லோரும் உங்களுக்குச் சொல்லக்கூடிய இரண்டு இடங்களை முதலில் விலக்கிவிடுகிறேன். கன்னியாகுமரி உங்கள் ஊரிலிருந்து 500 கிலோமீட்டருக்கும் மேல். போய்ச் சேரும்போதே அந்த அம்மாவுக்கு உடல் சோர்ந்துவிடும், அதன்பின் படகுத் துறை வரிசையில் நிற்பதற்கு அந்த முழங்கால் ஒத்துக்கொள்ளாது. மெரினாவிலோ சாலைக்கும் அலைக்கும் இடையில் ஏறத்தாழ 300 மீட்டர் மணல் கிடக்கிறது. இளைஞர்களுக்கு அது விளையாட்டுத் திடல், முழங்கால் வலி உள்ளவருக்குப் பாலைவனம். மாற்றுத்திறனாளிகளுக்காக 2022 நவம்பரில் அங்கே மரப்பாதை ஒன்றைத் திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சிதைத்துவிட, மறுபடியும் சீர்செய்தார்கள். சென்னையில் தங்குவதற்கு உறவினர் வீடு இருந்தால் அந்தப் பாதையைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

என் தேர்வு புதுச்சேரி. அரூர் அல்லது ஊத்தங்கரை வழியாகத் திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் என்று போனால் 200 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். அங்கே கடற்கரைச் சாலையும் கடலும் அடுத்தடுத்து இருக்கின்றன. சாலையோரத்தில் அமர்ந்தபடியே அந்த அம்மா கடலைப் பார்க்கலாம். மாலை 6 மணிக்கு மேல் அச்சாலையில் வாகனங்களை விடுவதில்லை என்பதால் இரைச்சலும் இருக்காது. காரைக் குறுக்குத் தெருவில் நிறுத்திவிட்டுச் சிறிது தூரம் நடக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஒரு குறையும் உண்டு. 1980களின் இறுதியில் கட்டிய துறைமுகத்தின் விளைவாக ஊரின் முன்னிருந்த மணற்கரை கரைந்துபோய், அலை வந்து மோதுவதற்குக் கருங்கற்களே மிஞ்சின. அண்மை ஆண்டுகளில் கடலுக்கடியில் செயற்கைத் திட்டு அமைத்ததன் பயனாகத் தலைமைச் செயலகத்தருகே கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. கால் நனைக்க விரும்பினால் அங்கே போங்கள். அலை திரும்பும்போது பாதத்துக்கு அடியில் மணல் அரித்துக்கொண்டு போகும். அப்போது குனிந்து பார்த்தால் தலை சுற்றும். தொலைவில் பார்க்கச் சொல்லி, ஒருவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எப்போது என்றும் கேட்டிருக்கிறீர்கள். கடலில் சூரிய உதயம் பார்க்க வேண்டும் என்று முதியவர்களை விடியற்காலையில் எழுப்பி இழுத்துக்கொண்டு ஓடுவது எனக்கு உடன்பாடில்லை. நம் கிழக்குக் கரையில் சந்திரனும் கடலிலிருந்துதான் எழுகிறது. பௌர்ணமியன்று அது ஏறக்குறைய சூரியன் மறையும் வேளையிலேயே எழுந்துவிடுவதால், வானத்தில் மிச்சமிருக்கும் வெளிச்சத்தில் வெளிறித் தெரியும். மறுநாள் முக்கால் மணி நேரத்துக்கு மேல் பிந்தி, நன்றாக இருட்டிய பிறகு, செம்புத் தாம்பாளம்போல் எழும். ஆகவே தை முதல் பங்குனிக்குள், வானம் தெளிவாக இருக்கும் நாள்களில், பௌர்ணமிக்கு மறுநாளைத் தேர்ந்தெடுங்கள். பௌர்ணமியன்றே புறப்பட்டால் திருவண்ணாமலையில் கிரிவலக் கூட்டத்தில் சிக்கிக்கொள்வீர்கள் என்பது இன்னொரு காரணம்.

அங்கே போனபின் எதையும் விளக்கிச் சொல்லாதீர்கள். வாழ்நாளெல்லாம் ஏரிப் பாசனத்தில் பயிர் செய்த என் பாட்டி, கடலை முதன்முதலில் பார்த்துவிட்டுக் கேட்ட கேள்வி, "இதுக்கு மடை எங்கே?" என்பதுதான். அதைவிட நல்ல கேள்வி இந்தப் பகுதிக்கு இதுவரை வந்ததில்லை.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகர்: கடல் பார்க்க வேண்டுமென்றால் நாங்கள் சென்னைக்கோ ராமேசுவரத்துக்கோ போகிறோம். எங்களுக்கு மிக அருகில் உள்ள கடல் எது?

பதில்: அரபிக்கடல். சென்னை உங்களுக்கு 500 கிலோமீட்டர். பாலக்காடு வழியாகப் பொன்னானிக் கரையோ 150 கிலோமீட்டருக்குள். மாநில எல்லை நம் மனத்தில் மலையைப்போல் நின்றுவிட்டதே தவிர, உண்மையான மலை அந்த இடத்தில் வழிவிட்டே நிற்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத்தான் ஆனி, ஆடி மாதங்களில் உங்கள் வீட்டுச் சன்னல்களை அடித்துச் சாத்தும் காற்று வருகிறது. அரபிக்கடலைத் தடவி வந்த காற்று அது. நீங்கள் கடலைத் தேடிப் போகாத ஆண்டிலும் கடல் உங்களைத் தேடி வந்துகொண்டுதான் இருக்கிறது. பழங்காலத்தில் கேரளக் கரையிலிருந்த முசிறித் துறைமுகத்தில் இறங்கிய சரக்குகள் இதே கணவாய் வழியாகக் கொடுமணலுக்கும் கரூருக்கும் வந்தன.

ஆனால் அந்தக் காற்று வீசும் மாதங்களில் அங்கே போகாதீர்கள். தென்மேற்குப் பருவமழையில் அந்தக் கடல் கொந்தளிக்கும். கேரளத்தில் ஜூன் 10 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலமும் உண்டு. துறைமுகங்களில் வழக்கமான பரபரப்பு இருக்காது. நம் கிழக்குக் கரையில் இத்தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. வஞ்சிரம் வறுவலுக்காகவே கடற்கரைக்குப் போகிறவர்கள் இந்தத் தேதிகளைக் குறித்துவைத்துக்கொள்வது நல்லது. உங்களுக்கு ஏற்ற காலம் மார்கழியும் தையும். சூரியன் கடலில் இறங்குவதை மேற்குக் கரையில் ஆண்டு முழுவதும் பார்க்கலாம். சென்னைக்காரர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இராயபுரத்திலிருந்து ஓர் இல்லத்தரசி: கடலுக்கு அரைக் கிலோமீட்டரில் குடியிருக்கிறோம். ஊரிலிருந்து வரும் உறவினர்கள் பொறாமைப்படுகிறார்கள். எங்களுக்கோ சன்னல் கம்பி, இரும்புக் கதவு, ஏசி என எல்லாம் துருப்பிடிக்கிறது. கடைசியாகக் கடலை எப்போது பார்த்தேன் என்றே நினைவில்லை!

பதில்: உங்கள் வடசென்னைக்குக் கடல் அந்நியமாகிப்போனதற்குக் காரணம் நீங்கள் மட்டும் இல்லை, அம்மா. நம் கரையோரமாக மணல் ஆண்டில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. 1870களில் தொடங்கிய துறைமுகப் பணியில் கடலுக்குள் நீட்டிய கற்சுவர்கள் அந்த மணலைத் தடுத்துவிட்டன. சுவருக்குத் தெற்கே தேங்கிய மணல்தான் அகலமான மெரினா. அங்கே 1880களில் ஆளுநர் கிராண்ட் டஃப் உலாவும் சாலை அமைத்து, அந்தப் பெயரையும் சூட்டினார். சுவருக்கு வடக்கே, அதாவது உங்கள் பக்கம், புதிய மணல் வந்து சேராததால் கடல் கரையைத் தின்றது. பிறகு கற்களைக் கொட்டிக் காக்க வேண்டியதாயிற்று. இன்று மெரினாவில் சுண்டல் சாப்பிடுகிறவர்கள் உங்கள் பங்கு மணலில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

துருவுக்கு முழுத் தீர்வு கிடையாது. கடற்காற்று ஏந்தி வரும் நுண்ணிய உப்புத்துகள் இரும்பின்மேல் படிந்து, ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. மொட்டைமாடியில் இருக்கும் ஏசியின் வெளிப்பெட்டியை, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீரால் கழுவுவது வீண் வேலை. துருவுக்கு ஈடாக உங்களுக்குக் கிடைப்பது கடற்காற்று. வெயிலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடேற, அங்கே மேலெழும் காற்றின் இடத்தை நிரப்ப நண்பகலை ஒட்டிக் கடற்காற்று உள்ளே வருகிறது. கத்திரி வெயிலில் மேற்கிலிருந்து வீசும் காற்று வலுத்து அதைத் தடுத்துவிட்டால் நகரம் முழுவதும் வெந்துபோகும். அது உள்ளே வரும் நாளில் முதலில் வருவது உங்கள் தெருவுக்குத்தான். அம்பத்தூர்க்காரர்கள் அதற்குப் பிறகும் காத்திருக்க வேண்டும். அடுத்த முறை உறவினர் வரும்போது நீங்களும் அவர்களோடு கடலுக்குப் போய்வாருங்கள்.

வேலூரிலிருந்து ஒரு வாசகர்: கடல் பார்க்கப் போவதே வெள்ளைக்காரர்கள் கற்றுக்கொடுத்த பழக்கம் என்கிறார் என் நண்பர். சரிதானா?

பதில்: பாதி சரி. மாலையில் காற்று வாங்கக் கடலோரம் நடப்பது பெருமளவு அவர்கள் காலத்து நாகரிகம். ஆனால் உள்நாட்டு மக்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு கடலுக்குப் பயணம் போவது அதைவிட மிகப் பழையது. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் முன்னோருக்குத் திதி கொடுக்க ராமேசுவரத்துக்கும் குமரிக்கும் போகிறவர்களை எண்ணிப் பாருங்கள். மாசி மகத்தன்று மனிதர்களோடு ஊர்த் தெய்வங்களும் கடலாடப் புறப்படுகின்றன. அதே மாசி மகத்துக்கு வடமாவட்டங்களிலிருந்து இருளர் மக்கள் மாமல்லபுரத்துக் கடற்கரையில் வந்து கூடுகிறார்கள். கோபித்துக்கொண்டு கடலுக்குப் போய்விட்ட கன்னியம்மனைத் திரும்ப அழைப்பதாக அவர்களுடைய நம்பிக்கை. மணலிலேயே குடில் போட்டுத் தங்கி, மணலால் படிகள் அமைத்துப் பூசை செய்து, பெண் பார்த்து, விடியற்காலையில் அங்கேயே திருமணமும் நடத்திவிடுகிறார்கள். ஆவணியில் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களும் இந்தப் பட்டியலில் சேர வேண்டியவர்களே.

உங்கள் நண்பரைக் காணும் பொங்கலன்று மெரினாவுக்கு அழைத்துச் செல்லுங்கள். கூட்டத்தில் பிள்ளைகள் தொலைந்துவிடாமல் இருக்கக் காவல்துறையினர் அவர்கள் கையில் பெற்றோரின் தொலைபேசி எண் எழுதிய பட்டை கட்டிவிடுவதைப் பார்த்தால், இது எவருடைய பழக்கம் என்று அவருக்கே விளங்கும்.

நாமக்கல்லிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: நண்பர்கள் பத்துப் பேர் குமரிக் கடற்கரைகளுக்குப் போகத் திட்டமிட்டிருக்கிறோம். அனைவருக்கும் கிணற்று நீச்சல் நன்றாகத் தெரியும். கடலில் குளிக்கலாமா?

பதில்: கிணற்று நீச்சல் தெரிந்தவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை, தம்பி. தெரியாதவர் முழங்கால் அளவோடு நின்றுவிடுவார். 2024 மே மாதத் தொடக்கத்தில் குமரி மாவட்டக் கடற்கரை ஒன்றில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துக்கொண்டது. அந்த நாள்களில் கடற்கரைகளுக்குக் 'கள்ளக்கடல்' எச்சரிக்கை விடுத்திருந்தார்கள். தெற்கே நெடுந்தொலைவில், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எழும் புயல்கள் கிளப்பும் அலைகள் பல நாள்கள் பயணம் செய்து, இங்கே காற்றோ மழையோ இல்லாத தெளிவான நாளில் கரையில் வந்து ஏறும். திருடனைப்போல் வருவதால் கேரள மீனவர்கள் வைத்த பெயர் அது. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் இதை முன்கூட்டியே அறிவிக்கிறது. புறப்படும் அன்று காலையிலும் அந்த அறிவிப்பைப் பாருங்கள்.

இன்னொன்று, அலை உடையாமல் அமைதியாகத் தோன்றும் இடத்தைப் பாதுகாப்பான இடம் என்று நம்பிவிடாதீர்கள். கரைக்கு வந்த நீர் வாய்க்கால்போல் ஒன்றுசேர்ந்து கடலுக்குத் திரும்பும் வழி பெரும்பாலும் அதுதான். அந்த இழுப்பில் சிக்கிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துப் போகாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பிலிருந்து வெளியேறிய பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். வலையைச் சீர்செய்துகொண்டிருக்கும் ஊர்ப் பெரியவரிடம் "இங்கே இறங்கலாமா?" என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் காரணம் கேட்டுக்கொண்டு நிற்காமல் அறைக்குத் திரும்புங்கள்.

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்: வங்காள விரிகுடா, அரபிக்கடல் — எதில் உப்பு அதிகம்?

பதில்: அரபிக்கடலில். கங்கையும் பிரம்மபுத்திராவும் வங்கக்கடலில் அவ்வளவு நன்னீரைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. உங்கள் காவிரியும் அதே பக்கம்தான் போகிறது. கடைசிவரை போய்ச் சேருகிற ஆண்டுகளில்.

ஓசூரிலிருந்து ஒரு வாசகர்: நாகப்பட்டினத்துக்கு அருகில் பிறந்தவன் நான். 2004 டிசம்பர் 26 அன்று என் அக்காவைக் கடலுக்குக் கொடுத்தோம். அதன்பின் கடலைப் பார்க்கப் பிடிக்காமல், வேலை தேடி இவ்வளவு தூரம் வந்துவிட்டேன். இப்போது பத்து வயதான என் மகள் கடலைக் காட்டு என்கிறாள். மறுத்து மறுத்து என் அச்சத்தை அவளுக்கும் கொடுத்துவிடுகிறேனோ?

பதில்: அன்று எச்சரிக்கை சொல்ல யாரும் இல்லை. 2007 முதல் ஐதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் இரவு பகலாக இயங்குகிறது. கடலடியில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டால் சில நிமிடங்களில் செய்தி வெளியாகிறது. இதைத் தெரிந்துகொள்வதால் உங்கள் நெஞ்சு அடங்கிவிடாது என்பதை அறிவேன். ஆனாலும் மகள் கேட்டால் சொல்வதற்கு உங்களிடம் இது இருக்க வேண்டும்.

முதல் பயணத்துக்கு உங்கள் ஊரும் வேண்டாம், டிசம்பரும் வேண்டாம். தொலைவு அதிகம் என்றாலும் ராமநாதபுரத்துப் பக்கம் தேவிபட்டினத்துக்குப் போய்ப் பாருங்கள். அங்கே இருப்பது பாக் நீரிணைக் கடல், ஆழம் குறைந்தது. அந்தப் பக்கத்து மக்கள் கொந்தளிக்கும் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் இதைப் பெண் கடல் என்றும் சொல்வார்கள். வடகிழக்குப் பருவமழைக் காலம் நீங்கலாக, குளத்து நீர்போல் சலசலத்துக்கொண்டிருக்கும். நவக்கிரகங்களாக வழிபடும் நவபாஷாணக் கற்கள் அந்தக் கடலுக்குள்தான் நிற்கின்றன. நீர்மேல் அமைத்த நடைபாதையில் நடந்து சென்று சுற்றி வரலாம். 2004இல் இலங்கைத் தீவு குறுக்கே நின்றதால் அந்தக் கரை பெரும் சேதமின்றித் தப்பியது. அங்கேயும் மனம் ஒப்பவில்லையென்றால், மகளை அவளுடைய தாயோடு அனுப்பிவிட்டு நீங்கள் ஊருக்குள் தேநீர்க் கடையில் காத்திருங்கள். அதில் குறை ஒன்றும் இல்லை.

அத்தை என்று ஒருவர் இருந்ததை மகளிடம் சொல்லியிருக்கிறீர்களா என்பது உங்கள் கடிதத்திலிருந்து தெரியவில்லை. சொல்லவில்லையென்றால், ஓசூரில் உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே அதைச் சொல்லிவிட்டுப் பிறகு பயணச்சீட்டு எடுங்கள்.