வாங்காத கடனுக்குத் தவணை கட்டலாமா?

கேள்வி: நான் வாகனக் காப்பீடு எடுத்த ஓர் இணையத் தரகு நிறுவனம், வாடிக்கையாளர்களின் பான், வங்கிக் கணக்கு விவரங்கள் திருடுபோய்விட்டதாகச் சில மாதங்களுக்கு முன் மின்னஞ்சல் அனுப்பியது. இப்போது ஒரு கடன் செயலியிலிருந்து தினமும் அழைக்கிறார்கள். என் பான் எண்ணில் 84,000 ரூபாய் கடன் பாக்கியாம். நான் வாங்கவே இல்லை என்றால், "முதலில் கட்டுங்கள், பிறகு விசாரிக்கிறோம்" என்கிறார்கள். வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்திருக்கும் நேரத்தில் சிபில் ஸ்கோர் இறங்கிவிட்டது. தொல்லை விட்டதென்று கட்டிவிடலாமா? விவரங்களைப் பறிகொடுத்த நிறுவனத்தின் மீது வழக்குப் போட முடியுமா?

பதில்: கட்டாதீர்கள். ஒரு தவணைகூட வேண்டாம். கட்டிய பணத்தையே, கடனை நீங்கள் ஒப்புக்கொண்டதற்குச் சாட்சியமாகக் காட்டுவார்கள். 'பாதி கட்டுங்கள், செட்டில் செய்துவிடலாம்' என்றாலும் மறுத்துவிடுங்கள். 'செட்டில்டு' என்று கடன் அறிக்கையில் ஏறிவிட்டால், வீட்டுக் கடன் தரும் வங்கி அதையும் குறையாகத்தான் பார்க்கும்.

கடன் வாங்கியது நீங்கள்தான் என்று நிரூபிக்க வேண்டியவர் கடன் கொடுத்தவர். அதனால் தொலைபேசியில் வாதாடுவதை நிறுத்திவிட்டு, செயலியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும் அதன் பின்னால் இருக்கும் வங்கி அல்லது நிதி நிறுவனத்துக்கும் எழுதுங்கள். கடன் ஒப்பந்தம், கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) ஆவணங்கள், ஓடிபி போன கைப்பேசி எண், பணம் வரவு வைக்கப்பட்ட கணக்கு எண் ஆகியவற்றைக் கேளுங்கள். இப்படிப்பட்ட கோப்புகளில் பான் அட்டை நகல் உண்மையானதாக இருக்கும், செல்ஃபியில் இருப்பது வேறு முகமாக இருக்கலாம்.

இவற்றில் கணக்கு எண்தான் வழக்கின் உயிர். டிஜிட்டல் கடன் பற்றி ரிசர்வ் வங்கி 2022இல் கொண்டுவந்த விதிகளின்படி, சில விலக்குகள் தவிர, கடன் பணம் கடனாளியின் சொந்த வங்கிக் கணக்கில்தான் போய்ச் சேர வேண்டும். வேறொருவர் கணக்குக்குப் போயிருந்தால், பதில் சொல்ல வேண்டியவர்கள் கடன் கொடுத்தவர்கள். உங்கள் பெயரிலேயே போலிக் கணக்கு தொடங்கியிருந்தால், அந்த வங்கிக்கும் உடனே புகார் கொடுத்து முடக்கச் சொல்லுங்கள்.

கூடவே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலோ தேசிய சைபர் கிரைம் இணையதளத்திலோ புகாரைப் பதிவு செய்து, காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை கேளுங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின்படி, அடுத்தவரின் அடையாளத்தை மோசடியாகப் பயன்படுத்தினால் 3 ஆண்டுகள் வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆள்மாறாட்டத்துக்கு 66டி. 'எங்கள் எல்லைக்குள் வராது' என்று காவல் நிலையம் உங்களைத் திருப்பி அனுப்ப, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு இடம் தரவில்லை.

அடுத்து கடன் அறிக்கை. சிபிலோடு நின்றுவிடாதீர்கள். எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்ற மற்ற மூன்று கடன் தகவல் நிறுவனங்களிலும் அறிக்கை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசம். அந்தக் கடன் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் ஆட்சேபம் பதிவு செய்யுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு. அதன் பிறகும் அசையவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம். ஆட்சேப எண்ணையும் முதல் தகவல் அறிக்கையையும் வீட்டுக் கடன் வங்கியிடம் இப்போதே கொடுத்துவையுங்கள். அவர்களாகத் தெரிந்துகொண்டு கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

வசூல் முகவர் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது. மீறினால் அழைப்புப் பதிவையும் புகாரோடு சேருங்கள்.

தரகு நிறுவனத்தின் மீது வழக்குப் போட முடியும், ஆனால் எளிதல்ல. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. அதில் ஒரு பைசாகூடப் பாதிக்கப்பட்டவருக்கு வராது, முழுவதும் அரசு நிதிக்குப் போகிறது. நுகர்வோருக்கு இது பெரிய அநியாயம் என்பதே என் கருத்து. உங்களுக்கு இழப்பீடு தரக்கூடியது பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு. மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர்தான் நியாய நிர்ணய அதிகாரி. 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையை அவர் விசாரிப்பார். பெயரும் தொலைபேசி எண்ணும் மட்டும் கசிந்திருந்தால் இந்த மனு நிற்காது. உங்கள் வங்கிக் கணக்கு விவரம் போயிருப்பதால் நிற்கும். தரகு நிறுவனம் அனுப்பிய மின்னஞ்சலே முதல் ஆவணம். பாதுகாப்பில் அலட்சியம் இருந்தது, அந்தக் கசிவால்தான் உங்களுக்கு நஷ்டம் என்று இரண்டையும் காட்ட வேண்டும்.

புதிய சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரும்போது 43ஏ நீக்கப்பட்டுவிடும். ஆகவே முதல் தகவல் அறிக்கையின் நகல் கைக்கு வந்ததுமே மனுவைத் தாக்கல் செய்துவிடுங்கள்.